பதினான்காம் ஸ்லைடும் லாயாங் லாயாங் பயணமும்

சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் பாலம் ஒரு கிலோமீட்டர் நீளம்தான் என்று சொன்னார்கள். அதைக் கடக்க எனக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அதுவும் நின்றுகொண்டு. வேலை முடிந்து வீடு திரும்புகிற கூட்டம் பேருந்தை அடைத்திருந்தது. எல்லோரும் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் முகத்திலும் கோபம் இல்லை. நான் ஒருத்திதான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலைச் சீருடையில் நின்ற ஒரு தமிழ்ப்பெண், நேற்றைவிட இன்றைக்குப் பரவாயில்லை என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

எந்த விமானம், எந்த வழி என்பதெல்லாம் யாருக்கு வேண்டும்? ஜோகூரில் ஒரு பல்கலைக்கழகம். அங்கே சமூக அறிவியல் ஆய்வு மாணவர்களுக்கு ஐந்து நாள் ஆய்வுமுறைப் பயிலரங்கு. நேர்காணல் எடுப்பது எப்படி என்று சொல்லித்தர நான் போகிறேன். திருநெல்வேலியில் முப்பது வருடமாக இந்த வேலைதான். அதில் பன்னிரண்டு வருடமாக அதே நாற்பது ஸ்லைடுகளைத்தான் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். ஐம்பத்தாறு வயது, முழங்கால் வலி, ஒரு பெட்டி. அந்தப் பெட்டியைத்தான் முதலில் தொலைத்தேன்.

நடந்தது இதுதான். பாலத்தின் அந்தப் பக்கம் ஒரு முறை, இந்தப் பக்கம் ஒரு முறை, பாஸ்போர்ட் காட்டுவதற்காக எல்லோரையும் இறக்கிவிடுகிறார்கள். முதல் முறை ஏதோ புத்தி வந்து பெட்டியோடு இறங்கினேன். இரண்டாம் முறை அலுப்பில், பேருந்து இங்கேதானே நிற்கும் என்று பெட்டியை இருக்கைக்கு அடியிலேயே விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் டீக்கடையில் வண்டி நின்றால் யாராவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்களா? டிரைவர் ஹாரன் அடிப்பார், தலை எண்ணுவார், குறைந்தால் காத்திருப்பார். இங்கே நான் வரிசை முடிந்து வெளியே வந்தபோது என் பேருந்து போயே போய்விட்டது.

வெளியே என் பெயர் எழுதிய அட்டையோடு ஒரு பெண் நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கோகிலவாணி, அந்தப் பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவி. ஐந்து நாளும் என்னைக் காரில் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அவள் பொறுப்பு. பெட்டி எங்கே என்று கேட்டாள். பேருந்தில் என்றேன்.

"அலமாக்" என்றாள். ஐயையோ என்பதற்கு இங்கே அப்படி. "பஸ்ஸு காத்திருக்காது டாக்டர். எல்லாத்தையும் தூக்கிட்டுதான் இறங்கணும். யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. மடிக்கணினி மட்டும் தோளில் இருந்தது. வந்து சேர்ந்த அன்றே மாற்றுத்துணி இல்லாத விருந்தாளி ஆனேன்.

தங்கும் இடம் தெப்ரா என்ற பகுதியில். ஒரு பக்கம் தொழிற்சாலைகள், மறுபக்கம் வரிசை வீடுகள், நடுவில் அகலமான சாலை. சாலையைக் கடக்கத்தான் வழியில்லை. நடந்து போகிற ஆளே அங்கு கிடையாது போல. விடுதிக்குக் கீழே ஒரு சாப்பாட்டுக் கடை. முதலாளி தொண்டிக்காரர், இங்கே வந்து இருபத்தெட்டு வருடம். ரொட்டி சானாய் கொண்டுவந்து வைத்தார். நம் பரோட்டாவின் ஒன்றுவிட்ட தம்பி. பருப்புக் குழம்போடு வருகிறான். டீயில் கெட்டிப்பாலை ஊற்றி, அதன் மேல் சீனியும் போட்டிருந்தார்கள். இனிப்புக் குறைய வேண்டுமானால் "குராங் மானிஸ்" என்று சொல்லுங்கள் என்று கற்றுக்கொடுத்தார். அடுத்த ஐந்து நாளும் நான் சரியாகப் பேசிய மலாய் அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் கோகிலவாணி தன்னுடைய பாஜு குரோங் ஒன்றை எடுத்துவந்தாள். மலாய்ப் பெண்கள் உடுத்துகிற நீளச் சட்டையும் பாவாடையும். கத்தரிப்பூ நிறம், பெரிய பெரிய பூ. வேறு வழியில்லை, மாட்டிக்கொண்டு போனேன். என்னை வரவேற்ற எல்லோரும், உள்ளூர் உடையில் வந்து எங்களைக் கௌரவித்துவிட்டீர்கள் என்று மகிழ்ந்துபோனார்கள். பெட்டிக் கதையைச் சொல்லவில்லை. பாராட்டு கிடைக்கிறபோது வாயைத் திறப்பானேன்?

இங்கே தொடக்கவிழாவில் தொகுப்பாளர் நாலு வரிப் பாட்டாகப் பாடி அழைப்பார். கூட்டம் முழுவதும் ஒருமித்துப் பதில் குரல் கொடுக்கும். அது நன்றாக இருந்தது. நம் ஊர் போலப் பொன்னாடை இல்லை, மாலை இல்லை, தலைமையுரை ஒன்றரை மணி நேரம் இல்லை. ஆனால் குளிர் இருந்தது. அரங்கில் ஏசியை எந்த ஜென்மத்துப் பகைக்காக வைத்திருந்தார்களோ, மாணவர்கள் எல்லோரும் கம்பளிச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே நான் கைகளைத் தேய்த்துக்கொண்டு 'கேட்பது எப்படி' என்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

பதினான்காவது ஸ்லைடு வந்தது. அதில் ஒரே ஒரு வரி. பீடி சுற்றும் ஒரு பெண், தன் கணவரைப் பற்றி என்னிடம் சொன்னது. கீழே அவர் வயது, ஊர். என் முனைவர் பட்ட ஆய்வின் நெஞ்சு போன்ற வரி அது; என் புத்தகத்தின் பின்னட்டையிலும் அதுதான். எந்த ஊரில் காட்டினாலும் கூட்டம் ஒரு கணம் மூச்சை நிறுத்தும். இங்கேயும் நிறுத்தியது. எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். அந்த வரியை இங்கே நான் எழுதப்போவதில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

அன்று மாலை கோகிலவாணி என் பெட்டியோடு வந்து நின்றாள். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் போய், இரண்டு அலுவலகம் ஏறி இறங்கி மீட்டிருக்கிறாள். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் கைப்பையிலிருந்து தடித்த கோப்பு ஒன்றை எடுத்தாள்.

எஸ்டேட்டை விட்டு வெளியேறி, டவுனில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் குடும்பத்துப் பெண்கள். வீட்டில் யார் எதை முடிவு செய்கிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. முப்பத்தொரு பெண்களைப் பேட்டி எடுத்திருக்கிறாள். குளுவாங், லாயாங் லாயாங், பெக்கோக் வரைக்கும் ஓட்டை காரில் அலைந்து இரண்டு வருட உழைப்பு. எல்லாம் மேலோட்டமாக இருக்கிறது, தரவே இல்லை என்று துறையில் சொல்லிவிட்டார்கள். பயிலரங்கின் ஐந்தாம் நாள், சிக்கலில் இருக்கிற மாணவர்களை ஒரு குழு அழைத்துப் பேசும். தொடரலாம் என்றால் தொடரலாம். இல்லையென்றால் பதிவு ரத்து, உதவித்தொகையும் நின்றுவிடும். தற்காலிக ஆசிரியை வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவள். கணவர் விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். "இவ்வளவு செஞ்சிட்டு வெறுங்கையோட வீட்டுக்குப் போக முடியாது டாக்டர்" என்றாள்.

அந்தக் குழுவில் எனக்கு ஓட்டுக் கிடையாது. விருந்தாளியாக நாற்காலி மட்டும் உண்டு. படித்துப் பார்க்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் படிக்கும் உத்தேசமே இல்லை.

மூன்றாம் நாள் என்னுடைய வகுப்பு மதியத்தோடு முடிந்தது. லக்சா ஜோகூர் என்று ஒன்றைச் சாப்பிடக் கொடுத்தார்கள். மீன் குழம்புக்குள் இத்தாலி நாட்டு நூடுல்ஸ். யாரோ ஒரு பழைய சுல்தானுக்கு ஐரோப்பா போய்வந்ததிலிருந்து இப்படி ஆசை வந்ததாம். கூட இருந்தவர்கள் கையால் பிசைந்து சாப்பிட்டார்கள். நூடுல்ஸைக் கையால் சாப்பிடுவது எனக்கு வரவில்லை, சட்டையெல்லாம் குழம்பு. நல்ல வேளை, பெட்டி வந்திருந்தது. அறைக்குப் போய்த் துணி மாற்றி, தூக்கம் வராமல் கோப்பைப் பிரித்தேன்.

துறையினர் சொன்னது சரிதான். முப்பத்தொரு பெண்களும் ஒரே பெண் பேசியது போலிருந்தது. வீட்டுக்காரர் நல்ல மாதிரி. பிள்ளைகள் படிக்கிறார்கள். எஸ்டேட்டை விட்டு வந்தது நல்லதுதான். ஒன்றும் பிரச்சினை இல்லை. படித்துப் படித்துக் கண் சொருகியபோதுதான் கடைசி வரிகள் கண்ணில் பட்டன. ஒவ்வொரு பேட்டியும் ஏறக்குறைய ஒரே மாதிரி முடிந்திருந்தது.

"சரி, அத அடைச்சிட்டு வாங்க. தண்ணி கலக்கியிருக்கேன்."

அடைப்பது என்றால் இங்கே நிறுத்துவது. தண்ணி கலக்குவது என்றால் டீயோ காப்பியோ போடுவது. வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப மாட்டார்கள். அதே சமயம், ஒலிப்பதிவு மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது சாப்பாடு போடவும் மாட்டார்கள். அந்த இடத்தில் எழுத்துப்படி முடிந்துவிடுகிறது. நானும் சமையலறைகளில் உட்கார்ந்து எழுந்தவள்தானே, எனக்குத் தெரியாதா? அதற்கப்புறம் எவ்வளவு நேரம் இருந்தாய் என்று போனில் கேட்டேன். சில வீட்டில் ஒரு மணி நேரம், சில வீட்டில் மூன்று மணி நேரம் என்றாள். அப்போது பேசினார்களா என்றேன்.

"அப்பதான் டாக்டர் எல்லாம் பேசுவாங்க" என்றாள்.

ஆக, தரவு இருக்கிறது. முப்பத்தொரு சமையலறைகளில் இருக்கிறது. எனக்கு நிம்மதியாகிவிட்டது. இது எல்லோரும் செய்வதுதான். ஞாபகத்திலிருந்து எழுது, களக்குறிப்பு என்று தலைப்புப் போடு, இரண்டே நாளில் உன் ஆய்வு எழுந்து நிற்கும் என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. கையெழுத்து வாங்கிய படிவத்தில், பதிவு செய்ததை மட்டும் பயன்படுத்துவேன் என்று எழுதியிருக்கிறதாம். படிவத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன்.

"படிவத்துக்காக இல்ல டாக்டர். அவங்க அத ஆராய்ச்சிக்குச் சொல்லல. எனக்குச் சொன்னாங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. முழங்கால் வலி, ஏசிக் குளிர், இந்தப் பெண்ணின் பிடிவாதம். அப்படியானால் எழுதலாமா கூடாதா என்று அவர்களிடமே போய்க் கேள் எனச் சொல்லிப் போனை வைக்கப் பார்த்தேன். நாளை மதியத்துக்கு மேல் வகுப்பு இல்லை, நீங்களும் வாருங்கள் என்றாள். மற்றவர்கள் எல்லோரும் பெரிய கடைத்தொகுதிக்குப் போகிற மதியம் அது. நான் தூங்கலாம் என்று வைத்திருந்த மதியம். பெட்டியை மீட்டுக் கொடுத்தவளிடம் எப்படி மாட்டேன் என்பது?

நான்காம் நாள் லாயாங் லாயாங் புறப்பட்டோம். அவளுடைய கார் ஒரு சின்னச் சிவப்புக் கார். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் இருபுறமும் எண்ணெய்ப்பனைதான். முன்னால் குலை ஏற்றிய லாரி உருண்டுகொண்டே போனது. எங்கள் பக்கத்துப் பனங்காடு நெட்டையாக வெட்ட வெளியில் நிற்கும், காற்று ஊடே போகும். இந்தப் பனை குட்டை, அடர்த்தி, பட்டப்பகலிலேயே கீழே இருட்டு. அப்புறம் மழை பிடித்தது. சும்மா மழை இல்லை. வானத்தைக் கவிழ்த்துக் கொட்டியது போல. பாதி வழியில் காரின் வைப்பர் நின்றுவிட்டது.

ஒரு மேம்பாலத்துக்கு அடியில் ஒதுக்கி நிறுத்தினோம். அங்கே மோட்டார் சைக்கிள்காரர்கள் பத்துப் பேர் ஏற்கெனவே ஒதுங்கியிருந்தார்கள். மலாய்க்கார மனிதர் ஒருவர் கேட்காமலே வந்து, வைப்பரைக் கழற்றி, தன் சட்டைப்பையிலிருந்த ரப்பர் வளையத்தைப் போட்டு ஏதோ செய்தார். அது ஓடியது. கோகிலவாணி நன்றி சொன்னதற்கு அவர் சொன்ன பதிலை எனக்கு மொழிபெயர்த்தாள்: லாயாங் லாயாங் வரைக்கும் ஓடும், திரும்பி வருவதற்கு நான் பொறுப்பில்லை. சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

லாயாங் லாயாங் ஒரு சின்ன ஊர். ரயில் பாதை, ஒரு வரிசை கடைகள், ஒரு கோயில், குறைந்த விலை வீடுகள் நெருக்கிக் கட்டிய ஒரு தாமான், அதாவது குடியிருப்பு. அந்தத் தாமானில் மூன்றாவது வரிசையில் சரோஜா ஆண்டி வீடு. என் வயதுதான் இருக்கும். கையுறை செய்யும் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, தலையில் துண்டோடு நின்றார். கோகிலவாணி பேட்டி எடுத்த முதல் பெண் அவர்தான். எந்த ஊர் டீச்சர் என்று என்னைக் கேட்டார். திருநெல்வேலி என்றேன். எங்கள் பூர்வீகம் சேலம் என்று சொல்வார்கள், எந்தத் திசையில் என்றுகூடத் தெரியாது என்றார். அதில் வருத்தம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

கோகிலவாணி விஷயத்தைச் சொன்னாள். நல்லவிதமாகவே சொன்னாள். போன வருடம் மிஷினை அடைத்த பிறகு நீங்கள் சொன்னதை நான் எழுதலாமா, பெயர் வராது, ஊர் வராது, எழுதினால்தான் என் படிப்பு நிற்கும், வேண்டாமென்றால் எழுத மாட்டேன். ஆண்டி அடுப்பில் மீ என்கிற நூடுல்ஸைப் பிரட்டிக்கொண்டே கேட்டார். பிரட்டி முடித்து, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

"எழுதக் கூடாதும்மா. மிஷின் இல்லன்னுதானே சொன்னேன். என் மருமக உங்க யூனிவர்சிட்டிலதான் ஆபீஸ்ல வேலை செய்யுது. பேரு இல்லன்னா அதுக்குத் தெரியாதா, இது யாருன்னு?"

கோகிலவாணி சரி ஆண்டி என்றாள். முகம் மட்டும் சுருங்கிப்போயிற்று. எனக்கும் மனசு கஷ்டமாக இருந்தது. மழையில் நனைந்து, வைப்பர் உடைந்து, வந்த காரியம் ஒரு வரியில் முடிந்துவிட்டது. ஆண்டி மூன்று தட்டில் மீயை வைத்தார். நான் சாப்பிட ஆரம்பித்துவிட்டேன். கோகிலவாணி தட்டைத் தொடவில்லை. அதைப் பார்த்து ஆண்டிக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அந்த மிஷின எடு. போடு. நான் எதெது சொல்ல மாட்டேன்னு சொல்றேன், அத எழுதிக்க."

கோகிலவாணி என்னைப் பார்த்தாள். எனக்கே புரியவில்லை. போடச் சொல்லித் தலையசைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. சாப்பாட்டு மேசையில், தட்டுகளுக்கு நடுவில், முதல்முறையாக அந்த மிஷின் ஓடியது.

"எஸ்டேட்ட விட்டு வந்த அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்காத, சொல்ல மாட்டேன். இந்த வீடு யாரு பேர்ல இருக்குன்னு கேட்காத. என் சம்பளம் யாரு கைக்குப் போவுதுன்னு கேட்காத. பெரியவன் ஏன் சிங்கப்பூர்லேர்ந்து வீட்டுக்கு வரதில்லன்னு கேட்காத. இதெல்லாம் கேட்டேன், சரோஜா சொல்ல மாட்டேன்னு சொன்னுச்சுன்னு எழுதிக்க. அது உண்மைதானே? அதுல எனக்கு ஒன்னுமில்ல லா."

ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். நான்கு விரல் மடங்கியது. ஐந்தாவதை மடக்க வந்து, வேண்டாம், இதை எழுதக்கூட வேண்டாம் என்று அப்படியே நிறுத்தினார். கேட்பது எப்படி என்பது முப்பது வருடமாக நான் வகுப்பெடுக்கிற பாடம். பதில் வராத கேள்வியை மாணவர்கள் அடித்துவிடுவார்கள், நானும் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண் உட்கார்ந்து, எந்தெந்தக் கேள்வி தன்னைக் கடிக்கும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் தட்டில் மீ ஆறிப்போயிற்று.

திரும்பும்போது மழை இல்லை, வைப்பர் தேவைப்படவில்லை. கோகிலவாணி பேசிக்கொண்டே ஓட்டினாள். மீதி முப்பது பேரிடமும் போகலாம், ஒவ்வொருவரும் எதைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்கலாம், அதுவே ஒரு அத்தியாயம், இல்லை, ஆய்வே அதுதான் என்று. நான்கு நாளில் அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. பெரிய சாலை வந்ததும் சாதாரணமாகக் கேட்டாள்.

"உங்க பதினாலாவது ஸ்லைடுல இருக்கற அம்மா, அவங்ககிட்ட நீங்க திரும்பப் போய் கேட்டீங்களா டாக்டர்?"

"கேட்டேன்" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! கேட்கவில்லை. அந்த வரியை அவர் எனக்குச் சோறு போடும்போது சொன்னார். டேப்பை நான் அணைத்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடப் போகிறதே என்று அவசர அவசரமாக எழுதிக்கொண்டேன். வயதைப் போட்டேன், ஊரைப் போட்டேன். அந்தச் சின்ன ஊரில், அந்த வயதில், அந்த வரியைச் சொல்லக்கூடிய பெண் எத்தனை பேர் இருப்பார்கள்? புத்தகம் வந்த மறுவருடம் ஒரு பிரதியோடு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. வீட்டில் ஆள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் குழு கூடியது. தலைவர் ஒரு மலாய்ப் பேராசிரியை, சன்னமான குரல், யாரையும் இடைமறிக்காதவர். பக்கத்தில் கணக்கும் அட்டவணையுமாகப் பேசுகிற ஒரு தாடிக்காரப் பேராசிரியர். நான் ஓரத்து நாற்காலியில். கோகிலவாணி நடந்ததை நடந்தபடி சொன்னாள். பேட்டிகள் ஏன் வெறுமையாக இருக்கின்றன, தண்ணி கலக்கிய பிறகு என்ன ஆகிறது, அதை ஏன் எழுத மாட்டேன், சரோஜா ஆண்டி கொடுத்த பட்டியல். அந்தப் பதிவைப் போட்டு, வரிவரியாக ஆங்கிலத்திலும் சொன்னாள். ஆண்டியின் குரல் அந்தக் குளிர் அறையில் ஒலித்தது. மீதிப் பேரிடம் திரும்பப் போக அவகாசம் கேட்டாள்.

தாடிக்காரர் கேட்டது நியாயமான கேள்விதான். ஒரு முறை பேசி முடித்தவர்களிடம் திரும்பப் போய், நீங்கள் சொன்னதை எழுதலாமா என்று கேட்டால் வேலை நடக்குமா, இதை யாராவது செய்து ஆய்வை முடித்திருக்கிறார்களா என்றார். கோகிலவாணி சட்டென்று என் பக்கம் கைகாட்டினாள். டாக்டர் செய்திருக்கிறார், அந்தப் பதினான்காம் ஸ்லைடுப் பெண்ணிடம் திரும்பப் போய்க் கேட்ட பிறகுதான் எழுதினார் என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். தலையை ஆட்டியிருந்தால் போதும், வாயைக்கூடத் திறக்க வேண்டாம். அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மடக்க வந்து நிறுத்திய அந்த ஐந்தாவது விரல் கண்ணுக்குள் நின்றது. என்னால் தலையை ஆட்ட முடியவில்லை.

எழுந்து நின்றேன். நான் கேட்கவில்லை என்றேன். நேற்று இந்தப் பெண்ணிடம் பொய் சொன்னேன். அந்த வரி டேப் அணைத்த பிறகு சொன்னது, என் புத்தகம் அதன் மேல்தான் நிற்கிறது, அதற்கப்புறம் அந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்கவில்லை. இவள் கேட்பதற்கு முன்மாதிரி நான் இல்லை, நானே அப்படிச் செய்திருக்க வேண்டியவள். இவ்வளவுதான் சொன்னேன். கோகிலவாணி என்னைப் பார்க்கவே இல்லை.

எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார்கள். நடைவழியில் இருவரும் எதிரெதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் அவள் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். உள்ளே கூப்பிட்டார்கள். தலைவர் தன் சன்னமான குரலில், முன்மாதிரி இல்லை என்பது தெளிவாகிவிட்டது, அதை முதல் அத்தியாயத்தில் எழுதுங்கள் என்றார். ஆறு மாதம் அவகாசம். முப்பது பேரிடமும் திரும்பப் போக வேண்டும். கோகிலவாணி அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. ஏசியைக் காரணம் காட்டித் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் என்னைப் பாலத்தில் விட அவள்தான் வந்தாள். வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாதி வழி போனதும் கேட்டாள்.

"என்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க டாக்டர்?"

"வெட்கமா இருந்துச்சும்மா."

அவள் சிக்னலில் நின்று, பச்சை விழுந்து, இன்னும் கொஞ்ச தூரம் போனாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். காரைத் திருப்பித் தொண்டிக்காரர் கடைக்கே கொண்டுவந்து நிறுத்தினாள். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, இரண்டு டீ. குராங் மானிஸ். நாங்கள் பேசியதில் பாதி வைப்பரைப் பற்றி.

பாலத்தில் இந்த முறை இரண்டு தடவையும் பெட்டியோடு இறங்கினேன்.

இதை எழுதி முடித்து முதலில் அவளுக்குத்தான் அனுப்பினேன். கோகிலவாணி என்பது அவள் பெயர் அல்ல. மூன்று இடங்களை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். சரோஜா என்பதும் அவர் பெயர் அல்ல; கோகிலவாணி போய்க் கேட்டதற்கு, கையுறைத் தொழிற்சாலையும் லாயாங் லாயாங்கும் இருக்கட்டும், அங்கே எங்களைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டாராம். மருமகள் வேலை பார்க்கும் இடத்தை மட்டும் மாற்றச் சொன்னார். மாற்றியிருக்கிறேன்.

ஊர் திரும்பிய மூன்றாம் வாரம், பீடி சுற்றும் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். எந்த ஊர் என்று இனி எழுத மாட்டேன். பதினான்காம் ஸ்லைடை எடுத்துவிட்டேன், புத்தகத்தை என்ன செய்வது என்று கேட்க வந்தேன் என்று வாசலில் நின்று சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே வரச் சொன்னார். சோறு போட்டார். இரண்டு மணி நேரம் பேசினோம்.

என்ன பேசினோம் என்பதை எழுதலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.